பாவித்த கணினியும் அதன் ஆயுளும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற கூட்டத்தில் இதே இடத்தில் நின்று ஒரு பெரியவர் திருவாசகத்தின் பெருமையை உள்ளம் உருக எடுத்துரைத்தார். இன்று அவ்விடத்தில் நின்று, பாவித்த கணினி வாங்குவது எங்ஙனம் என்று நாம் பேசப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும் செயலாளர் வற்புறுத்திக் கேட்டமையால் வந்து நிற்கின்றோம். அவர் கேட்டதற்குக் காரணமும் உண்டு. கடந்த ஒரு வருட காலத்துள் எமது அங்கத்தவர் வீடுகளுள் மூன்று வீட்டார் பாவித்த கணினி வாங்கினர், மூவரும் ஏமாந்தனர். அம்மூன்றனுள் முதல் வீடு எமது வீடு.

எமது தந்தையார் வெங்காயத் தோட்டஞ் செய்பவர். தங்கை உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்தாள். அப்பாடத்தைக் கைத்தொலைபேசியில் விரலால் தட்டிக் கற்றல் இயலாது. பல்கலைக்கழகத்திற் பயிலும் எமக்கும் கணினி தேவையாயிற்று. புதியது வாங்கும் சக்தி வீட்டில் இல்லை. அம்மாவின் காப்புச் சோடி அடைவுக்குப் போயிற்று. ஐம்பதினாயிரம் ரூபா கைக்கு வந்தது. அதை மடியிற் கட்டிக்கொண்டு நகரிலுள்ள ஒரு கடைக்குச் சென்றோம். கடையின் பெயர் இங்கே வேண்டியதில்லை.

கடைக்காரர் ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டினார். “தம்பி, இது ஐ-ஏழு. ஐ-மூண்டு, ஐ-அஞ்சு எல்லாம் இதுக்குக் கீழைதான். கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோம்” என்றார். சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவந்தோம். திரையும் சேர்த்து நாற்பத்திரண்டாயிரம் ரூபா. மீதியில் ஒரு பகுதி முச்சக்கர வண்டிக்குப் போயிற்று.

முதற் கிழமை நன்றாகவே ஓடியது. இரண்டாம் கிழமை, காலையில் ஏற்றும்போதெல்லாம் திகதி 2011ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போகத் தொடங்கியது. திகதி பிழைத்தாற் பல இணையத் தளங்கள் பாதுகாப்பு இல்லையென்று கதவை அடைத்துவிடும். “அண்ணா, இண்டைக்கும் 2011 எண்டு காட்டுது” என்று தங்கை தினமும் எழுப்புவாள். பின்னர் கணினி ஊர்ந்தது. ஒரு நண்பர் வந்து பரிசோதனை நிரல் ஒன்றைப் போட்டுப் பார்த்து, ஹார்ட் டிஸ்க் நாற்பத்தோராயிரம் மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்றார். ஒரு வருடத்துக்கு 8,760 மணித்தியாலம். நாலரை வருடத்துக்கு மேலாக இரவு பகலாகச் சுழன்ற தகட்டை நாம் காப்பை அடைவு வைத்து வாங்கியிருக்கிறோம். தங்கை தன் செயற்றிட்டத்தை ஒப்படைக்க வேண்டிய கிழமையில் அத்தகடு நின்றது. அவள் எழுதியது யாவும் அதனோடு போயிற்று. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். உத்தரவாதம் ஒரு கிழமைக்கு மாத்திரமே என்று பற்றுச்சீட்டின் அடியில் அச்சிட்டிருந்தது. அதை நாம் வாசிக்கவில்லை.

நாம் ஏன் இவ்வளவு எளிதில் விழுந்தோம் என்று பின்னர் யோசித்துப் பார்த்தோம். பழைய யந்திரத்தைக் கண்டால் எமது ஊரவருக்கு ஒரு நம்பிக்கை. நாம் சிறுவராக இருந்தபோதும் மொறிஸ் மைனர் கார்களும் ஒஸ்ரின் கார்களும் யாழ்ப்பாண வீதிகளில் ஓடின. மொறிஸ் மைனரை இங்கிலாந்திற் செய்வது 1971இல் நின்றுவிட்டது. இங்கே அது நிற்கவில்லை. உதிரிப்பாகம் வராவிட்டாற் பட்டறையிற் கடைந்து போட்டனர். 1990இல் மின்சாரம் நின்ற பிறகு, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையாற் பெடலைச் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலி கேட்டவர்கள் எம் பெற்றோர். பெற்றோல் இல்லாத நாளில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினர். அந்தக் கைகளின் பிள்ளைகள் நாம். பழையது என்றாலென்ன, ஓடினாற் போதும் என்பது எமக்கு இரத்தத்தில் ஊறிய எண்ணம்.

கணினி விஷயத்தில் அந்த எண்ணம் எம்மைக் கைவிட்டது. காரின் ஆயுள் அதன் இரும்பில் இருக்கிறது. இரும்பைத் திருத்த எம்மால் முடியும். கணினியின் ஆயுளிற் பாதி அதன் உடம்பில் இல்லை; அதை இயக்கும் மென்பொருளில் இருக்கிறது. அம்மென்பொருளைச் செய்தவர் கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு ஒரு திகதி குறிக்கிறார். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்ரோபர் 14. அத்திகதிக்குப் பின் கணினி நின்றுவிடாது, முன்போலவே ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. வேண்டுவோர் பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்ரோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் நிறுவனம் ஒரு வருடத் தவணை கொடுத்தது. மரணப் படுக்கையிற் கொடுத்த தவணை அது. ஆதலால் பாவித்த கணினி முன் நிற்பவர் கேட்க வேண்டிய கேள்வி, இது ஓடுகிறதா என்பதன்று. எதுவரை ஓட விடுவார்கள் என்பதே.

அதை அறியும் வழி மிக எளிது. இன்ரெல் நிறுவனத்தின் மூளைச் சில்லுக்கு ஒரு பெயர் உண்டு. பெயரின் பின்னே ஒரு கோடு. கோட்டின் பின்னே ஓர் இலக்கம். நாம் வாங்கியது ஐ7-2600. நாம் பார்த்து மயங்கியது கோட்டுக்கு முன்னுள்ள ஏழை. பார்க்க வேண்டியதோ பின்னுள்ள இரண்டை. நான்கு இலக்கமாயின் முதல் இலக்கம் தலைமுறையைக் குறிக்கும். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011இல் வெளிவந்தது. 8500 என்றால் எட்டாம் தலைமுறை, 2018இல் வந்தது. 10400 போல ஐந்து இலக்கமாயின் முதல் இரண்டு இலக்கம், அதாவது பத்தாம் தலைமுறை. ஏழு என்பது ஒரே தலைமுறைக்குள் மூத்தவன் யார் என்பதைத்தான் சொல்லும். 2017இல் வந்த ஐ3-8100, ஆறு வருடம் முந்திய ஐ7-2600க்குச் சாதாரண வேலைகளில் எவ்வகையாலும் இளைத்ததன்று. மின்சாரமும் குறையவே உண்ணும். பெயரில் மட்டும் மூன்று!

விண்டோஸ் 11 முறைப்படி ஏற எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும் வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் றைசென் என்றால் பெரும்பாலும் 2000 வரிசையும் அதற்கு மேலும். அத்துடன் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புப் பகுதியும் இருத்தல் வேண்டும். ஆகையால் எட்டு என்பதை நெஞ்சிற் குறித்துக்கொள்ளுங்கள். சில கடைகளில், “பழைய பெட்டியிலும் பதினொன்றை ஏற்றித் தருவம்” என்பார்கள். குறுக்கு வழியால் ஏறும் என்பது உண்மை. நாளைக்கு ஒரு பெரிய திருத்தம் வரும்போது அது ஏறாமல் நின்றால் மைக்ரோசொப்டும் பொறுப்பில்லை, கடைக்காரரும் பொறுப்பில்லை. மிஷன் பாடசாலையிற் படித்த நாம், பழைய துருத்தியிற் புது இரசம் வார்த்தவன் கதையைச் சிறு வயதிலேயே கேட்டவர்கள். கேட்டும் என்ன பயன்!

இக்கணினிகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சிறிது சொல்ல வேண்டும். வெளிநாடுகளில் வங்கிகளும் பெரிய அலுவலகங்களும் கணினிகளை மூன்று நான்கு வருடக் குத்தகைக்கு எடுத்துப் பின்னர் நூற்றுக்கணக்கில் திருப்பிக் கொடுத்துவிடும். டெல் ஒப்ரிபிளெக்ஸ், எச்.பி. எலைற்டெஸ்க், புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்ரர் என்று கடைகளில் அடுக்கி வைத்திருப்பவை பெரும்பாலும் இத்தகையவை. வீட்டுக்கென்று மலிவாகச் செய்த பெட்டிகளை விட இவை உறுதியானவை. இவற்றுள் இரண்டு சாதி உண்டு. ஒன்று, திறந்து தூசி நீக்கி, பழுதான பாகம் மாற்றி, பரிசோதித்து, உத்தரவாதத்துடன் விற்பது. மற்றையது, வெளிப்புறத்தை மாத்திரம் துணியால் துடைத்து விற்பது. இரண்டுக்கும் கடையில் ஒரே பெயர்தான்: ரீகண்டிஷன்.

இரண்டாம் முறை வாங்கப் பணம் சேர்க்க எமக்கு எட்டு மாதம் சென்றது. மாலையிற் சிறுவருக்கு வகுப்பு எடுத்தோம்; தந்தையாரும் வெங்காயம் விற்ற காசிற் கொஞ்சம் தந்தார். கொழும்பிற் பம்பலப்பிட்டியில் இன்னும் மலிவு என்று பலர் சொன்னார்கள். 1849இல் நாவலர் பெருமான் அச்சியந்திரம் வாங்குவதற்குக் கடல் கடந்து சென்னபட்டினம் சென்றார். நாம் ஒரு கணினிக்குக் கொழும்பு செல்வது பெரிய காரியமா என்று முதலில் எண்ணினோம். பிறகு கணக்குப் பார்த்தோம். அங்கே நாலாயிரம் ரூபா வரையிற் குறைவு. ஆனாற் பழுது வந்தாற் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் போக வேண்டும்; போக்குவரத்துச் செலவிலேயே அந்த நாலாயிரம் கரைந்துவிடும். ஆறு மாத உத்தரவாதத்தை எழுத்திற் கொடுத்த வேறொரு யாழ்ப்பாணக் கடையிலேயே வாங்குவது என்று தீர்மானித்தோம்.

இம்முறை வெறுங் கையுடன் போகவில்லை. ஒரு சிறிய யூ.எஸ்.பி. தண்டில் லினக்ஸ் மின்ற் என்னும் இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டு போனோம். அது இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது. அத்தண்டைச் செருகிக் கணினியை அதிலிருந்தே எழுப்பலாம். உள்ளே இருக்கும் எதையும் அது தொடாது. கடைக்காரர் ஏற்றி வைத்த விண்டோஸ் என்ன சொல்கிறது என்பதை நம்ப வேண்டிய தேவை இல்லை. சில்லின் பெயர், றாமின் அளவு, டிஸ்க் ஓடிய மணித்தியாலம், ஒலி, ஒவ்வொரு யூ.எஸ்.பி. துவாரம் எல்லாவற்றையும் அதிலேயே பார்த்தோம். தண்டிலிருந்து எழுப்ப முயலும்போது கடவுச்சொல் கேட்டால், முந்திய அலுவலகம் போட்ட பூட்டு இன்னும் கழற்றப்படவில்லை என்று அறிக. அத்தகைய பெட்டியை எவ்வளவு மலிவாயினும் தொடலாகாது. எமக்கு முதலிற் காட்டிய பெட்டி அவ்வாறு கேட்டது; கடைக்காரர் மறுபேச்சின்றி வேறொன்றை எடுத்துவந்தார்.

பின்னர் மூடியைத் திறந்து காட்டும்படி கேட்டோம். திறக்க மறுக்கும் கடையில் நிற்க வேண்டாம். உள்ளே சிறு உருளைகள் போன்ற கொள்ளளவிகள் இருக்கும். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். வீங்கியோ கசிந்தோ இருந்தால் அப்பலகை நாட்களை எண்ணுகிறது. பொருத்துமுனைகளிற் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடற்காற்று வீசும் எமது ஊரில் இரண்டு மழைக்காலம் கண்ட பெட்டிகளில் அதைக் காணலாம். விசிறியை ஊதிப் பார்த்தோம். தூசி பறந்து கடைக்காரர் மூக்கில் ஏறியது. அரை மணி நேரம் ஓட விட்டுக் கையை வைத்துச் சூடும் பார்த்தோம். (இவ்விடத்தில் ஒன்று. வாணி விழாவன்று கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது நல்ல வழக்கமே. காற்றுத் துவாரத்தின் மீது வைக்க வேண்டாம். எமது வீட்டில் அதுவும் நடந்தது.)

பணம் குறைவாக உள்ளவர் அதை எதிலே இட வேண்டும் என்பதில் எமக்கு இப்பொழுது ஒரு திடமான அபிப்பிராயம் உண்டு. தலைமுறைக்கு அடுத்தது எஸ்.எஸ்.டி. சுழலும் தகட்டுக்குப் பதிலாக அது இருந்தால், திறக்க இரண்டு மூன்று நிமிடம் எடுத்த கணினி அரை நிமிடத்துக்குள் ஆயத்தமாகும். 256 ஜி.பி. ஒரு மாணவனுக்குத் தாராளம். பாவித்த எஸ்.எஸ்.டி.யை விடப் புதியதொன்றைச் சிறிது கூடக் கொடுத்தேனும் போடச் சொல்லுதல் நன்று. றாம் 8 ஜி.பி.க்குக் குறையலாகாது. நாலாம் தலைமுறை வரையில் உள்ளவற்றுக்கு டி.டி.ஆர்.3 என்ற வகை. இப்பொழுது நாம் தேடும் எட்டாம் தலைமுறைப் பெட்டிகளுக்கு டி.டி.ஆர்.4. ஒன்று மற்றதன் இடத்திற் பொருந்தாது. வீட்டிற் கிடக்கும் பழையதைக் கொண்டுபோய்ப் போடலாம் என்ற கனவு வேண்டாம். வர்ண விளக்கு எரியும் பெட்டி, விளையாட்டுக்கென்ற விசைப்பலகை என்பன பற்றிப் பேச நேரமில்லை.

மின்சாரம் பற்றிப் பேசியே ஆக வேண்டும். வெளிநாட்டுப் பழைய பெட்டிகள் சிலவற்றின் பின்புறத்தில் ஒரு சிறு சிவப்பு ஆளி இருக்கும். ஒரு பக்கம் 115, மறு பக்கம் 230 என்று எழுதியிருக்கும். எமது நாட்டு மின்சாரம் 230 வோல்ற். அமெரிக்காவில் இருந்து வந்த பெட்டி 115இல் நிற்கக்கூடும். அதைப் பாராமற் செருகினால் ஒரு சத்தம், ஒரு புகை, அவ்வளவுதான். மூன்று வீட்டார் ஏமாந்தனர் என்றோமே, அவர்களுள் ஒருவர் கண்டது இதுவே. சிறிய வடிவப் பெட்டிகளின் மின்வழங்கி அந்தந்த நிறுவனத்துக்கே உரிய அளவிற் செய்யப்பட்டது; எரிந்தாற் சாதாரணக் கடை மின்வழங்கி உள்ளே கொள்ளாது. அவருக்கு மாற்று கிடைக்க ஒரு மாதம் சென்றது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின் நின்ற நாட்களை எவரும் மறந்திரார். இன்று அந்நிலை இல்லை. ஆயினும் மாரியில் இடி மின்னலோடு சட்டென்று நின்று வருவது எமது ஊரில் உள்ளதே. ஒரு யூ.பி.எஸ். அவசியம். அதையும் பாவித்ததாக வாங்குவோர், அதிற் கணினிக்குப் பதிலாக ஒரு மேசை விளக்கைப் பொருத்திச் சுவர்ச் செருகியைக் கழற்றிவிட்டு, விளக்கு எத்தனை நிமிடம் எரிகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். உள்ளிருக்கும் ஈய அமிலப் பற்றறி இரண்டு மூன்று வருடத்திற் களைத்துவிடும்.

அலுவலகப் பெட்டிகளிற் பெரும்பாலும் வைபை இராது. அதற்கெனத் தனிக் கருவி வாங்கு முன், கைத்தொலைபேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து இணையம் எடுக்கலாம் என்பதை அறிந்துகொள்ளுங்கள். எமது வீட்டில் இன்றும் அதுவே நடக்கிறது. பழைய திரையின் செருகியும் பெட்டியின் செருகியும் ஒத்து வருமா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். மடிக்கணினி வாங்கலாகாதா என்று சிலர் கேட்பர். வாங்கலாம். பாவித்த மடிக்கணினியிற் பற்றறியும் விசைப்பலகையும் முதலிற் தேய்ந்திருக்கும், மாற்றுவது செலவு. வீட்டில் இருவர் மூவர் பங்கிட்டுப் படிப்பதற்கு மேசைக் கணினி போல மலிவானது இல்லை.

இறுதியில் நாம் வாங்கியது ஐ5-8500, எட்டு ஜி.பி. றாம், புதிய 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.; திரை இல்லாமல் ஐம்பத்தெட்டாயிரம் ரூபா. திரைக்கு முந்தியதே இருந்தது. விண்டோஸ் 11 முறையான உரிமத்துடன் ஏறியது. திரையோடு சேர்த்து அறுபது வற் அளவே எடுக்கிறது. நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் பாவித்தால் மாதம் ஒன்பது யூனிற். தங்கை செயற்றிட்டத்தை மறுபடி முதலிலிருந்து எழுதினாள். இம்முறை ஒவ்வொரு மாலையும் ஒரு பிரதி யூ.எஸ்.பி. தண்டுக்குப் போகிறது. அம்மாவின் காப்பு இன்னும் மீளவில்லை. வட்டி கட்டித் தவணையைப் புதுப்பித்திருக்கிறோம்.

பழைய ஐ-ஏழு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கட்டிலின் கீழ் நாலு மாதம் கிடந்தது. பிறகு செயலாளர் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. வாங்கித் தர, அதிலே லினக்ஸ் மின்ற் 22ஐ ஏற்றினோம். அதைச் செய்தோர் 2029 வரை பாதுகாப்புத் திருத்தம் தருவதாக அறிவித்திருக்கிறார்கள். தங்கையின் வகுப்புப் பயிற்சிகள் விண்டோஸை நம்பியிருந்தமையால் வீட்டில் இது உதவவில்லை. கட்டுரை எழுதவும், தமிழ்த் தட்டச்சுப் பழகவும், நூல்கள் வாசிக்கவும் இதற்கு எக்குறையும் இல்லை. இப்பொழுது அது எமது சங்கத்து வாசிகசாலையின் சாளரத்து ஓரத்தில் இருக்கிறது. பின்னேரங்களிற் சிறுவர்கள் முறை வைத்துத் தட்டுகிறார்கள். திகதியை மறக்கச் செய்தது சி.ஆர்.2032 என்ற மூன்று வோல்ற் பொத்தான் பற்றறி. கைக்கடிகாரக் கடையில் வாங்கி நாமே மாற்றினோம். அன்று தொடக்கம் அது 2011க்குத் திரும்பவில்லை. மூடியைத் திறந்துதான் வைத்திருக்கிறோம். கொள்ளளவி எது, றாம் எது என்று அறிய விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் அங்கே வரலாம்; விளக்கு எடுத்து வைத்திருக்கிறோம்.